வெயில் குறையாத பாத்தியில் பூக்காத ஐரிஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில், எடிசன் நகரை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில், என் அக்கா வீட்டின் முன்சுவரை ஒட்டித் தெற்குப் பார்த்த பாத்தி ஒன்று இருக்கிறது. நீளம் நாலரை மீட்டர். அகலம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். 2021 செப்டம்பரில் அதில் தாடி ஐரிஸ் என்ற பூச்செடியின் 12 கிழங்குகள் நடப்பட்டன. 2022 மே மாதத்தில் மூன்று பூந்தண்டுகள் வந்தன. 2023 மே மாதத்தில் ஒன்றே ஒன்று வந்தது. அதுவும் மொட்டு விரியும் முன்பே அடியில் இற்றுச் சாய்ந்தது. ஐரிஸ் பூக்கவில்லை என்று யாரிடம் சொன்னாலும் முதலில் கேட்கும் கேள்வி வெயில் போதுமா என்பதுதான். இந்தப் பாத்தியில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. 2023 ஜூன் 24 அன்று அரைமணிக்கு ஒருமுறை வெளியே வந்து பார்த்துக் குறித்ததில், காலை ஒன்பது மணி முதல் மாலை நாலரை மணிவரை நேர்வெயில் விழுந்தது. இந்தச் செடிக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. போதுமான வெயில் இருந்தும் இரண்டு வசந்தங்கள் வீணானது ஏன் என்பதும், பின்னர் செய்யப்பட்டவற்றுள் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதுமே இங்கே பதிவாகின்றன.

நடப்பட்ட ரகங்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் மூன்று கிழங்குகள். கருநீலத்தில் ‘டஸ்கி சேலஞ்சர்’, இளஞ்சிவப்பில் ‘பெவர்லி சில்ஸ்’, வெள்ளை இதழின் விளிம்பில் ஊதாக் கரை வைத்த ‘ஸ்டெப்பிங் அவுட்’, தூய வெள்ளையில் ‘இம்மார்ட்டாலிட்டி’. முதல் மூன்றும் அமெரிக்க ஐரிஸ் வளர்ப்பின் உயரிய விருதான டைக்ஸ் பதக்கம் பெற்றவை: ‘ஸ்டெப்பிங் அவுட்’ 1968-இலும், ‘பெவர்லி சில்ஸ்’ 1985-இலும், ‘டஸ்கி சேலஞ்சர்’ 1992-இலும் பெற்றன. ‘இம்மார்ட்டாலிட்டி’ விருதுக்காக அல்ல, இலையுதிர்காலத்தில் இரண்டாம் முறை பூக்கக்கூடியது என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நான்குமே பல பத்தாண்டுகளாக எத்தனையோ தோட்டங்களில் சோதிக்கப்பட்டவை. ஆகவே குறை ரகத்தில் இருக்க வாய்ப்பில்லை என்று தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட முடிந்தது.

மஞ்சள் நட்ட கை

அக்காவுக்கு வேளாண்மை புதிதல்ல. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வயலில் வளர்ந்தவர். வைகாசியில் விதைக்கிழங்கு ஊன்றுவது முதல் மாசியில் வெட்டி எடுத்து வேகவைத்துக் களத்தில் காயப்போடுவது வரை எல்லா வேலையும் கையால் செய்தவர். அஞ்சல் பெட்டியைத் திறந்து ஐரிஸ் கிழங்குகளைப் பார்த்ததும், “இது நம்ம குண்டு மஞ்சளோட ஒறமொறதானே கண்ணு, இதுக்குப் போயி காயிதம் படிக்கோணுமா” என்று கூடவே வந்த நடவுக் குறிப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். அவர் கண்டது தவறும் அல்ல. ஐரிஸின் கிழங்கும் மஞ்சளின் கிழங்கும் தாவரவியல்படி ஒரே வகை உறுப்புதான்: இரண்டும் கிடைமட்டமாகப் படரும் மட்டத்தண்டுகள், இரண்டிலும் தாய்க்கிழங்கின் பக்கவாட்டில் சேய்க்கிழங்குகள் பிரிகின்றன, இரண்டிலும் செடி தன் சேமிப்பை அங்கேதான் வைக்கிறது.

எனவே மஞ்சளுக்குச் செய்வதையெல்லாம் அக்கா இதற்கும் செய்தார். கிழங்கு முழுவதும் மறையும்படி நட்டார். கோடையில் இரண்டு முறை மண் அணைத்தார். மண்ணின் ஈரம் காக்க, ஆண்டுதோறும் ஏப்ரலில் புல்வெளி வேலைக்கு வருபவர்கள் கொட்டிச் செல்லும் சாயமேற்றிய மரச்சில்லுகளைப் பாத்தி முழுவதும் மூடாக்காகப் பரப்பினார். புல்தரைக்கு வைத்த தானியங்கி நீர்தெளிப்பான் வாரத்துக்கு மூன்று விடியற்காலைகளில் இந்தப் பாத்தியையும் சேர்த்தே நனைத்தது. புல்லுக்கு இட்ட உரம் ஓரத்தில் சிதறி இங்கும் விழுந்தது. அலட்சியம் என்று சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. பாத்தியில் களை கூட இல்லை. விசிறிபோல் விரிந்த இலைகள் இடுப்பளவு உயரத்துக்குக் கரும்பச்சையாக நின்றன. பூ இல்லை என்பதைத் தவிர, தெருவிலேயே செழிப்பான செடிகள் அவையாகத்தான் தெரிந்தன.

மஞ்சளுக்கு மண் அணைப்பதற்குக் காரணம் உண்டு. விரலிகள் இருட்டிலும் ஈரத்திலும்தான் பருக்கும். வெளியே தெரியும் கிழங்கு பச்சை நிறம் ஏறித் தரம் குறையும். பருவமழையும் நிழலுமாக இருந்த காட்டின் அடித்தரையில் வந்த செடிக்கு அது பொருந்தும். தாடி ஐரிஸ் வந்த இடம் வேறு. இன்றைய உயர ரகங்களின் மூதாதைகளில் முக்கியமான இரண்டில், ஐரிஸ் பாலிடா ஆட்ரியாட்டிக் கடலோரத்து டால்மேஷியச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு உரியது. ஐரிஸ் வேரியகாட்டா நடு ஐரோப்பாவிலும் தென்கிழக்கு ஐரோப்பாவிலும் உள்ள உலர்ந்த சரிவுகளுக்கு உரியது. வசந்தத்தில் மழை, கோடையில் வறட்சி, மண்ணென்று சொல்லப் பாறையிடுக்கில் ஒரு பிடி. அங்கே கிழங்கு மண்ணின்மேல் படுத்துக் கிடந்து, வெயிலில் தோல் காய்ந்து இறுகி, வேரை மட்டும் கீழே அனுப்பிப் பிழைத்தது. ஈரோட்டுக் குழியில் மஞ்சள் எதை விரும்புமோ, டால்மேஷியப் பாறையில் ஐரிஸ் அதையே தாங்காது.

மான்ட்கிளேரில் ஒரு பிற்பகல்

சிக்கல் எங்கே என்ற முதல் துப்பு பாத்தியில் கிடைக்கவில்லை. 2023 மே கடைசி வாரத்தில், வீட்டிலிருந்து ஏறத்தாழ முக்கால் மணி நேரப் பயணத்தில் உள்ள மேல் மான்ட்கிளேரின் பிரெஸ்பி நினைவு ஐரிஸ் தோட்டத்தில் கிடைத்தது. அமெரிக்க ஐரிஸ் சங்கம் 1920-இல் உருவானபோது அதை நிறுவியவர்களில் ஒருவரான ஃபிராங்க் பிரெஸ்பி தன் ஊருக்குத் தன் ஐரிஸ் தொகுப்பைக் கொடுக்க எண்ணியிருந்தார். 1924-இல் அவர் இறந்துபோனார். ஊர் மக்கள் 1927-இல் அவர் நினைவாக இந்தத் தோட்டத்தை அமைத்தார்கள். மலைச்சரிவின் அடியில் வளைந்து செல்லும் பாத்திகளில் ஆயிரக்கணக்கான செடிகள். ஐரிஸ் என்பது கிரேக்கத்தில் வானவில் தேவதையின் பெயர். அந்தச் சரிவை மேலிருந்து பார்த்தால் பெயர் ஏன் வந்தது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அக்கா பூவைப் பார்க்கவில்லை. குனிந்து பூவுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு செடியடியிலும் கிழங்குகள் பாதி உடல் வெளியே தெரிய, பழுப்பேறிச் சுருக்கம் விழுந்து, களத்தில் காயப்போட்ட மஞ்சள் போல மண்மேல் கிடந்தன. மூடாக்கு எங்கும் இல்லை. “இம்புட்டுப் பெரிய தோட்டம், மண்ணணைக்க ஒரு ஆளில்லையா கண்ணு?” என்று இரக்கத்தோடு கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்தச் சுருங்கிய கிழங்குகளிலிருந்து எழுந்த தண்டுகளில் தண்டுக்கு ஏழெட்டு மொட்டுகள் இருந்தன. நான் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆய்வு

ஜூன் மாதத்தில் விரலால் மண்ணை விலக்கி ஆறு செடிகளில் ஆழம் பார்த்தேன். மரச்சில்லு மூடாக்கு சராசரியாக 6 செ.மீ.; அதன்கீழ் கிழங்கின் முதுகுவரை மண் 5 செ.மீ. ஆக, வெயிலுக்கும் கிழங்குக்கும் நடுவே ஏறத்தாழ அரைச் சாண் உயரத்துக்கு ஈரப் போர்வை. ஒரு வாரமாக மழை இல்லாத நாளிலும் அந்த மண் கையில் ஒட்டியது. ஏழரை மணி நேர வெயில் முழுவதும் இலைக்குத்தான் போயிருக்கிறது. கிழங்கு ஒரு நாளும் அதைக் கண்டதில்லை.

மண் எடிசன் பகுதிக்கே உரிய, சிவப்பு ஷேல் பாறை சிதைந்து உண்டான செங்களிமண். மழை பெய்தால் வழவழப்பு, காய்ந்தால் ஓடு. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மண் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய மாதிரியில் கார அமிலநிலை (pH) 5.9 என்று வந்தது, ஐரிஸுக்கு 6.5-க்கும் 7-க்கும் இடைப்பட்டது நல்லது. பாஸ்பரஸ் போதுமான அளவில் இருந்தது. வழக்கமான மண் ஆய்வு தழைச்சத்தைப் பற்றி நம்பத்தக்க விவரம் தருவதில்லை, ஏனென்றால் அது மழைக்கு மழை மாறுவது. ஆனால் ஊகிக்க வழி இருந்தது. நியூ ஜெர்சி 2011-இல் கொண்டுவந்த உரச்சட்டத்தின்படி, மண் ஆய்வில் குறை தெரிந்தாலோ புதிதாகப் புல்தரை போட்டாலோ தவிர, புல்வெளி உரத்தில் பாஸ்பரஸ் சேர்க்கக்கூடாது. ஆறுகளையும் ஏரிகளையும் பாசியிலிருந்து காக்க வந்த சட்டம் அது. அதனால் இங்கே புல்லுக்கு இடுவது பெரும்பாலும் தழைச்சத்து உரமே. இந்தப் பாத்தியின் இடுப்பளவு கரும்பச்சைக்கு விளக்கம் அதுதான் என்று கருதுகிறேன். தழைச்சத்து மிகுந்தால் ஐரிஸ் இலையைத்தான் வளர்க்கும். கிழங்கும் நீர்கோத்து மென்மையாகி, அழுகல் நோய்க்கு வழிவிடும்.

2023 ஜூலை 29, 30 ஆகிய இரண்டு நாட்களில் பாத்தி முழுவதும் தோண்டப்பட்டது. மண்வாரியை அல்ல, கவைமுள்ளைப் பயன்படுத்தினோம். களிமண்ணில் மண்வாரி கிழங்கை வெட்டிவிடும். நான்காவது செடியைத் தூக்கியபோது நாற்றம் வந்தது. அழுகிய முட்டைக்கோசும் சாக்கடையும் கலந்ததுபோன்ற, ஒருமுறை முகர்ந்தவர் மறக்காத நாற்றம். கிழங்கின் தோல் முழுமையாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தியதும் உள்ளே இருந்தது கஞ்சிபோல் வழிந்தது. மென்னழுகல் நோய் இது. மஞ்சளிலும் இஞ்சியிலும் கிழங்கழுகல் பார்த்தவர்களுக்குத் தோற்றம் புதிதல்ல, ஆனால் அங்கே பெரும்பாலும் பித்தியம் என்ற பூஞ்சைபோன்ற நுண்ணுயிரி காரணம், இங்கே பெக்டோபாக்டீரியம் என்ற பாக்டீரியா. அது நல்ல தோலைத் துளைத்து நுழைய முடியாதது, காயம் வேண்டும்.

காயம் செய்தது யார் என்பதும் அன்றே தெரிந்தது. ஐந்தாவது செடியின் கிழங்கை நெடுகப் பிளந்தபோது, உட்குழிந்த பாதையில் சுண்டுவிரல் நீளமுள்ள, வெளிர்சிவப்பு உடலும் பழுப்புத் தலையும் கொண்ட புழு ஒன்று சுருண்டு கிடந்தது. ஐரிஸ் துளைப்பான், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிகளில் ஐரிஸுக்கு இதைவிடப் பெரிய பகை இல்லை. இதன் ஆண்டுச் சுழற்சியை அறிந்தால்தான் பின்னர் செய்த வேலைகளின் காரணம் புரியும். இலையுதிர்காலத்தில் அந்துப்பூச்சி காய்ந்த ஐரிஸ் இலைகளிலும் அருகில் கிடக்கும் சருகிலும் முட்டையிடும். முட்டை குளிர்காலம் முழுவதும் அங்கேயே இருந்து ஏப்ரல், மே மாதங்களில் பொரியும். நூல்போன்ற இளம்புழு புது இலையில் ஊசி குத்தியதுபோல் துளையிட்டு உள்ளே சென்று, இலையின் இரு தோல்களுக்கும் நடுவே தின்றபடி வாரக்கணக்கில் கீழே இறங்கும். ஜூலையில் கிழங்கை அடையும். அதைக் குடைந்து கொழுத்தபின் அருகில் மண்ணில் கூட்டுப்புழுவாகி, கோடை முடிவில் மீண்டும் அந்துப்பூச்சியாக வெளிவரும். ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். அன்று இந்தப் பாத்தியில் இரண்டு புழுக்களும் மூன்று கூட்டுப்புழுக்களும் அகப்பட்டன. எண்ணிக்கை சிறிதாகத் தோன்றலாம். ஒரு புழு ஒரு கிழங்கைக் குடைந்தால் போதும், மீதியை அழுகல் முடித்துவிடும். மூடாக்கு அந்துப்பூச்சிக்கு முட்டையிட வசதியான சருகாகவும், பாக்டீரியாவுக்குக் காயாத ஈரமாகவும் ஒரே நேரத்தில் உதவியிருக்கிறது.

தோண்டிய கணக்கு இதுதான்: 12 குத்துகளில் மூன்றில் தோல் மட்டுமே எஞ்சியிருந்தது. நான்கில் ஒரு பகுதி அழுகல். ஐந்து நோயற்றவை, ஆனால் அவற்றின் சேய்க்கிழங்குகள் விரல் பருமனைத் தாண்டவில்லை. ஆரோக்கியமான குத்தில் இரண்டாம் ஆண்டு முடிவில் சேய்க்கிழங்கு பெருவிரலைவிட நன்றாகத் தடித்திருக்க வேண்டும். இந்த ஐந்தே, இழப்பு முழுவதையும் துளைப்பான்மேல் ஏற்றிவிட முடியாது என்பதற்குச் சான்று. புழு தீண்டாத செடிகளும் பூக்கவில்லை.

இங்கே ஐரிஸ் பூக்கும் முறையைச் சற்று விளக்க வேண்டும். ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்து முடிந்ததும் அதன் இரு பக்கங்களிலும் சேய்கள் கிளைத்து, அந்தக் கோடையிலும் இலையுதிர்காலத்திலும் பருத்து, குளிர்காலத்தின் குளிரை வாங்கிக்கொண்டு, அடுத்த வசந்தத்தில் தாங்கள் பூக்கும். வாங்கிய கிழங்கில் முதல் ஆண்டு வரும் பூ, அதை வளர்த்துக் கொடுத்த பண்ணையின் உழைப்பு. இரண்டாம் ஆண்டுப் பூதான் நம் தோட்டத்தின் மதிப்பெண். 2022-இல் வந்த மூன்று தண்டுகள் அக்காவுக்கு நம்பிக்கை கொடுத்தன. உண்மையில் அவை இந்தப் பாத்தியைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அந்தக் குளிர்த் தேவையால்தான் இந்தச் செடியைத் தமிழ்நாட்டுச் சமவெளியில் வளர்க்க முடியாது. படத்தைப் பார்த்து மயங்கிச் சென்னையிலோ மதுரையிலோ கிழங்கு வாங்க நினைக்கும் நண்பர்கள் அந்தப் பணத்தில் நல்ல சம்பங்கிக் கிழங்கு வாங்கலாம். காஷ்மீரில் கல்லறைகளின்மேல் வெள்ளை ஐரிஸ் தன்போக்கில் பூக்கிறது என்றால், அங்கே பனி விழுகிறது.

மறுநடவு

அழுகிய பகுதிகளைக் கரண்டியால் வெள்ளைச் சதை தெரியும்வரை சுரண்டி, ஒன்பது பங்கு நீருக்கு ஒரு பங்கு வீட்டுப் பிளீச் கலந்த கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டோம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியையும் அதில் நனைத்தோம். பூத்து முடிந்த தாய்க்கிழங்குகளை எறிந்துவிட்டு, இலைகளை 15 செ.மீ. உயரத்துக்கு விசிறியாகக் கத்தரித்தபின் நடத்தக்கவையாக 23 கிழங்குகள் தேறின. கிழங்கை வெயிலில் போட்டதைப் பார்த்து அக்கா இரண்டு முறை துணியால் மூடினார். நான் இரண்டு முறை எடுத்தேன்.

பாத்தியைச் சீரமைப்பதில் மணல் சேர்க்கலாம் என்ற யோசனை வந்தது. களிமண்ணில் சிறிதளவு மணல் சேர்த்தால் அது செங்கலாகுமே தவிர வடியாது. ஆகவே மணலை விட்டுவிட்டு, இருந்த மண்ணில் நன்கு மக்கிய இலையுரத்தையும் ஆய்வுக்கூடம் சொன்ன அளவு சுண்ணாம்பையும் கலந்து, 20 செ.மீ. உயர மேட்டுப்பாத்தியாக்கி, நடைபாதைப் பக்கம் சற்றுச் சரிவு கொடுத்தோம். மழைநீர் நிற்காமல் ஓடுவது மண்ணின் தன்மையைவிட மேட்டின் வடிவத்தைப் பொறுத்தது என்பது இந்த நிகழ்வில் தெளிவாகத் தெரிந்தது.

நடவின் நுட்பம் இதுதான். குழியின் நடுவே கையால் ஒரு சிறு மண்குதிரை செய்து, கிழங்கை அதன்மேல் சவாரிபோல் உட்காரவைத்து, வேர்களை இருபுறமும் கீழிறக்கிப் பரப்பி, வேர்மேல் மட்டும் மண்ணை இறுக்கி, கிழங்கின் முதுகை வெளியே விட வேண்டும். மண் பின்னர் அமுங்கும் என்பதால் கிழங்கு மட்டத்துக்குச் சற்று மேலேயே தெரியும்படி வைத்தோம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் 20 கிழங்குகள், 40 செ.மீ. இடைவெளியில், இரண்டு வரிசைகள். நடவு முடிந்தால் உறைபனி வருமுன் வேர்பிடிக்க ஆறு வாரமாவது வேண்டும். இல்லாவிட்டால் குளிர்காலத்தில் மண் உறைந்து இளகும்போது கிழங்கை மேலே தள்ளிவிடும். நட்ட அன்று ஒரு தண்ணீர், பிறகு மழையில்லாவிட்டால் பத்து நாளுக்கு ஒன்று, அக்டோபருக்குப் பின் இல்லை. பாத்திப் பக்கம் திரும்பியிருந்த நீர்தெளிப்பான் தலை அடைக்கப்பட்டது. புல் உரம் 60 செ.மீ. தள்ளியே இட வேண்டும் என்று வேலையாட்களிடம் சொல்லப்பட்டது. அவர்கள் கேட்டார்கள் என்று முழுதாகச் சொல்ல முடியாது. மூடாக்கு நிறுத்தப்பட்டது. டிசம்பரில், இலைகள் உறைபனியில் வாடியபின், எல்லாவற்றையும் அறுத்துப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினோம். மக்கும் குவியலில் போட்டால் துளைப்பானின் முட்டைகளை வீட்டிலேயே வைத்துக் காத்ததாகும்.

2024 ஏப்ரல் கடைசியில், துளைப்பானுக்கு எதிராக, பூச்சியுண்ணும் நூற்புழுக்களை நீரில் கலந்து ஊற்றினோம். அதைவிடப் பயன்பட்டது கண்தான் என்று நினைக்கிறேன். மே முழுவதும் வாரம் ஒருமுறை இலைகளை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தோம். ஊசித்துளையும் அதன்கீழ் நீர்க்கறைபோன்ற ஒரு கோடும் தெரிந்தால், கோட்டின் அடிமுனையை இரு விரலால் அழுத்தி நசுக்கினால் போதும். ஏழு இலைகளில் அப்படிச் செய்ய நேர்ந்தது. அடுத்த ஆண்டு இரண்டில்.

விளைவு

2024 மே மாதத்தில் 20 செடிகளிலிருந்து எட்டுத் தண்டுகள் வந்தன. பிரித்து நட்ட மறுவசந்தத்தில் அது எதிர்பார்த்ததே. 2025-இல் நிலைத்திருந்த 18 குத்துகளில் 37 தண்டுகள். மே 16-இல் ‘இம்மார்ட்டாலிட்டி’ தொடங்கியது. ஜூன் 6-இல் கடைசி ‘டஸ்கி சேலஞ்சர்’ வாடியது. ஒரு பூவின் ஆயுள் இரண்டு மூன்று நாள்தான் என்றாலும், தண்டுக்கு ஆறு முதல் ஒன்பது மொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிவதால் மூன்று வாரம் பாத்தி வெறுமையாக இருக்கவில்லை. இலைகள் முன்பைவிடக் குட்டை. நிறத்திலும் சாம்பல் பூத்த வெளிர்பச்சை. அக்காவுக்கு இந்த மாற்றம் இன்னும் பிடிக்கவில்லை. ‘செடி மெலிஞ்சு போச்சு’ என்பது அவர் தீர்ப்பு.

‘ஸ்டெப்பிங் அவுட்’ பூ ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தேன். மூன்று இதழ்கள் குவிந்து நிமிர, மூன்று மடிந்து தொங்குகின்றன. ஒவ்வொரு தொங்கிதழின் நடுவிலும், தொண்டையை நோக்கி, சீப்பால் வாரியதுபோல் ஒரு வரிசை மயிர். தாடி என்ற பெயர் அதற்குத்தான். ஒரு கொழுத்த தேனீ தாடியைப் பற்றி ஏறிக் குகைபோன்ற தொண்டைக்குள் நுழைந்தது. உள்ளே போகும்போது அதன் முதுகு மேலே கவிந்திருந்த சூலகமுடியின் உதட்டில் உரசியது. ஆழமாகச் சென்றபின்தான் மகரந்தப்பை அதன்மேல் படிந்தது. வெளியே வரும்போது உதடு பின்பக்கமாக மடங்கிக்கொண்டதால் தன் மகரந்தம் தன்மேல் ஒட்டவில்லை. விளிம்பின் ஊதாக் கரை, காஞ்சிபுரப் புடவையின் கரைபோல் ஒரே நேர்கோடாக இல்லாமல், ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தியதுபோல் உள்நோக்கி மங்கிச் சென்றது.

இழந்த இரண்டு குத்துகளும் கிழக்கு முனையிலிருந்த ‘பெவர்லி சில்ஸ்’. காரணம் 2024 ஆகஸ்டில் ஒரு பெருமழை நாளில்தான் புலப்பட்டது: கூரை நீர்க்குழாயின் மூட்டு விலகி, தண்ணீர் அந்த முனையில் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. மேட்டுப்பாத்தியாலும் காப்பாற்ற முடியவில்லை. ‘ஸ்டெப்பிங் அவுட்’ இலைகளில் 2025 ஜூனுக்குப் பின் பழுப்பு விளிம்பிட்ட இலைப்புள்ளி நோயும் தலைகாட்டியது. கறைபட்ட இலைகளை அகற்றியதோடு விட்டுவிட்டோம், மருந்தடிக்கவில்லை. இது பூவைக் குறைக்குமா என்பது அடுத்த மே மாதத்தில்தான் தெரியும்.

முறைப்படி பார்த்தால் இந்த ஆய்வில் ஒரு பலவீனம் இருக்கிறது. ஆழம், ஈரம், மூடாக்கு, தழைச்சத்து, அமிலநிலை, புழு என்ற ஆறையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நோயுற்ற தோட்டத்தில் யாரும் ஒவ்வொன்றாக மாற்றிச் சோதித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் இங்கே நான் திட்டமிடாத ஒரு ஒப்பீடு கிடைத்தது. எஞ்சிய மூன்று ‘இம்மார்ட்டாலிட்டி’ கிழங்குகளை நான் யாருக்கோ கொடுத்துவிட்டதாக எண்ணியிருந்தேன். அவற்றை அக்கா, பின்கட்டுச் சமையலறைக் கதவருகே, தம் முறைப்படி 5 செ.மீ. ஆழத்தில் நட்டு மண் அணைத்திருந்தார். 2024 செப்டம்பரில்தான் கண்டேன். அந்த மூலைக்கு நீர்தெளிப்பான் எட்டாது; மூடாக்கு இல்லை; புல் உரமும் இல்லை; துளைப்பானும் தென்படவில்லை; வெயில் ஆறரை மணி நேரம். முன்பாத்தியோடு ஒப்பிட, மண்ணின் ஆழம்தான் பெரிய வேறுபாடு. 2025 மே மாதத்தில் முன்பாத்தியின் ‘இம்மார்ட்டாலிட்டி’ குத்துகள் ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு தண்டு விட்டபோது, பின்கட்டில் மூன்றும் அழுகாமல், நோயின்றி, நல்ல இலையோடு நின்றன. ஒன்றிலும் பூ இல்லை. மூன்றே செடிகளைக் கொண்டு விதி எழுத முடியாது. என்றாலும் ஈரமும் புழுவும் செடியைக் கொன்றன, ஆழம் பூவைத் தடுத்தது என்று இரண்டையும் பிரித்துப் பார்க்க அந்த மூன்றும் இடம் தருகின்றன.

அக்கா கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் தனியே பதில் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்துத் தெருவில் ஆளில்லாத வீட்டு வேலியோரம், யாரும் தொடாத பழைய ஊதா ஐரிஸ் ஆண்டுதோறும் பூக்கிறதே, அதற்கு யார் கிழங்கை வெளியே எடுத்து வைத்தார்கள் என்று கேட்டார். அவை பழைய காலத்து வகைகள். பூ சிறிது, செடி முரடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கேம்பிரிட்ஜ் உடலியல் பேராசிரியர் மைக்கேல் ஃபாஸ்டர் போன்றவர்கள் துருக்கியிலிருந்து வந்த பெரும்பூ ஐரிஸ்களைக் கலப்புக்குப் பயன்படுத்தியபின்தான், 24 நிறப்புரிகள் (குரோமோசோம்கள்) கொண்ட பழைய செடிகளின் இடத்தில் 48 நிறப்புரிகள் கொண்ட இன்றைய அகன்ற இதழ் ரகங்கள் வந்தன. அழகு கூடியது, பொறுமை குறைந்தது என்பது பலரின் அனுபவம். மேலும், அந்த வேலியோரத்துக் கிழங்குகளை யாரும் வெளியே எடுத்து வைக்க வேண்டியதே இல்லை. தன்போக்கில் விட்டால் ஐரிஸ் சேய்க்கு மேல் சேய் ஏறித் தானே மண்மட்டத்துக்கு வந்துவிடும். நம் பாத்தியில் அது மேலே வர வர, ஆண்டுக்கு இரண்டு முறை நாம்தான் மண்ணை ஏற்றினோம்.

முன்பாத்தியை 2027 ஜூலையில் மீண்டும் தோண்டிப் பிரிக்க வேண்டியிருக்கும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரிக்காவிட்டால் குத்துகள் நெருங்கிப் பூ குறையும். பின்கட்டு மூன்றையும் நான் தொடவில்லை. 2025 அக்டோபரில் முன்பாத்தி ‘இம்மார்ட்டாலிட்டி’ இரண்டு தண்டுகளில் மறுபடி பூத்தபோது, அக்கா கதவருகே குனிந்து, கைவிரலால் அந்த மூன்றின்மேல் இருந்த மண்ணைக் கொஞ்சம் விலக்கிவிட்டார். பக்கத்தில் தொட்டியில் வைத்திருந்த மஞ்சளுக்கு அந்த மண்ணையே அணைத்துவிட்டு உள்ளே போனார்.